ஹைப்ரிட் கார் மைலேஜ் 24லேர்ந்து 17க்கு வந்துருச்சு, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மன்னார்குடிலேர்ந்து எழுதுறேன். வண்டி 2023 மாடல் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோட பேட்டரி மோட்டாரும் உண்டு, கொஞ்ச தூரம் பேட்டரிலயே தனியாவும் ஓடும்) எஸ்யூவி, 1.5 லிட்டர் பெட்ரோல். டீசல் வேணாம்ப்பா, புகையாச்சும் கொறையட்டும்னு அப்பாகிட்ட மல்லுக்கட்டி வாங்குனது. கும்பகோணம் ரோட்ல லிட்டருக்கு 24 தாராளமா குடுத்துச்சு, குறுவை அறுப்பு ஆரம்பிச்சதுலேர்ந்து 17 தாண்டல. நீடாமங்கலம் ரயில்வே கேட்ல நிக்கிறப்ப முன்னாடி இன்ஜின் ஆஃப் ஆகி பேட்டரிலயே ஏசி ஓடும், இப்ப நின்ன கொஞ்ச நேரத்துலயே இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுது, பின் சீட்டு பக்கம் பேட்டரி ஃபேன் விர்ர்ருனு கத்துது. வார்னிங் லைட் எதுவும் இல்ல.

டயர் காத்து பாத்தாச்சு, இன்ஜின் ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு, பங்க்கும் மாத்திட்டேன். சர்வீஸ்ல ஸ்கேன் போட்டு எரர் கோட் இல்லன்னுட்டாங்க, 20 சதவீத எத்தனால் பெட்ரோல்னால தான்னு சொல்றாங்க. எத்தனால்ல பெட்ரோல விட எனர்ஜி மூணுல ஒரு பங்கு கம்மி தான், ஆனா அந்தக் கணக்குல 6, 7 சதவீதம் தான கொறையணும், இங்க 30 சதவீதம்ல போயிருக்கு.

அறுப்பு நேரத்துல வழி நெடுக ரோட்லயே நெல்லு காயுது, ஒரே தூசி, பேட்டரிய குளுற வைக்க காத்து இழுக்குற சீட்டோரத்து வென்ட்ல கூட வைக்கோல் துணுக்கு ஒட்டியிருக்கு. பேட்டரிக்கு காத்து போற ஃபில்டர் அடைச்சிருந்தா மைலேஜ் இவ்ளோ விழுமா?