எய்டட் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்க நிதி எங்க கேக்கணும்? உதவி பண்ணுங்க

பாமணியாறு:
மன்னார்குடி பக்கம் ஒரு எய்டட் (அரசு உதவி பெறும்) நடுநிலைப் பள்ளியில டீச்சரா இருக்கேன், நூலகமும் என் பொறுப்புதான். ரிஜிஸ்டர்ல 640 புத்தகம் இருக்கு, ஆனா பசங்க கையில கொடுக்கற மாதிரி எவ்ளோ தேறும்னு தெரியல. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப ஓடு பறந்து பீரோவுக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு, வெயில்ல காயவச்சோம், ஆனாலும் பாதி புத்தகம் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கிட்டுதான் கெடக்கு, பிரிச்சா இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கத்தோட போயிடுது. நாலாவது படிக்கிற ஒரு பொண்ணு மீன் படம் போட்ட ஒரே புத்தகத்த இந்த வருஷம் ஏழு தடவ எடுத்திருக்கா. "வேற இல்லையா டீச்சர்"னு அவ கேக்குறப்ப மனசு தாங்கல. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல நூலக மானியம் உண்டுன்னாங்க, எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு கம்பெனிக்கு சிஎஸ்ஆர் (கம்பெனிங்க சமூக நலனுக்குச் செலவு பண்ற நிதி) கேட்டு லெட்டர் போட்டேன், அதுக்கும் பதில் இல்ல. எங்க தப்பு பண்றேன்?

வெண்ணாறு:
டீச்சர், நான் அரசுப் பள்ளியில ஹெச்எம்மா இருந்து ரிட்டயர் ஆனவன். அந்த மானியம் பள்ளியோட நிலையப் பொறுத்து வருஷத்துக்கு 5,000லேந்து 20,000 ரூபா வரைக்கும் வரும், ஆனா அரசுப் பள்ளிக்குத்தான். எய்டட்டுக்கு அந்தத் தலைப்புலயே காசு கெடையாதும்மா. இன்னும் பத்து மனு போட்டாலும் இதேதான். அத விட்டுட்டு வேற வழி பாருங்க.

கோரையாறு:
வீட்டு வரியோட சேத்து நூலக வரி கட்டுறோமே, அதுலேந்து கேக்க முடியாதா?

வெண்ணாறு:
முடியாது தம்பி. அது 1948 பொது நூலகச் சட்டப்படி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போற காசு, பொது நூலகத்துக்கு மட்டும். ஆனா டீச்சர், பக்கத்துல கிளை நூலகம் இருந்தா நூலகர நேர்ல போய்ப் பாருங்க. பசங்கள உறுப்பினரா சேத்துவிட்டா நிதி வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு வேற புத்தகம் கெடைக்கும்ல.

அரசலாறு:
கும்பகோணத்துல ஆடிட்டர் ஆபீஸ்ல வேல பாக்குறேன், சிஎஸ்ஆர் பேப்பர் நெறைய கை வழியாப் போகும். கம்பெனி சட்டம் 2013, பிரிவு 135ல வர்ற கம்பெனிங்க கடைசி மூணு வருஷ சராசரி லாபத்துல 2% செலவு பண்ணணும், தான் இருக்கிற ஏரியாவுக்கு முன்னுரிமை கொடுக்கணும்னும் அதுல இருக்கு, அதனால டெல்டாவுல ஆபீஸோ ஆலையோ வச்சிருக்கிறவங்ககிட்ட முதல்ல போங்க. ஆனா வேறொருத்தர் வழியா செலவு பண்ணணும்னா அந்த அமைப்பு சிஎஸ்ஆர்-1 ஃபார்ம்ல பதிவு பண்ணியிருக்கணும், 2021 ஏப்ரல்லேந்து இது கட்டாயம். உங்க லெட்டர் ஸ்கூல் பேர்ல போயிருக்கும், பதிவு நம்பர் இல்லன்னு ஓரமா வச்சிருப்பாங்க. உங்க நிர்வாகம் டிரஸ்ட்டா சொசைட்டியா? வருமான வரியில 12ஏ (டிரஸ்ட்டுக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுக்கிறவங்களுக்கு வரிக்கழிவு) பதிவு இருக்கா? இத முதல்ல பாருங்க. 80ஜி இருந்தா பழைய மாணவர்கள்கிட்ட கேக்குறதும் சுலபம், பழைய வரி முறையில இருக்கிறவங்க ரசீத வச்சு வரிக்கழிவு கேட்டுப்பாங்க. அப்புறம் "நூலகத்துக்கு உதவுங்க"ன்னு மொட்டையா எழுதாதீங்க. 300 புத்தகம், சராசரி 80 ரூபா, 24,000, ரேக்குக்கு இவ்ளோன்னு கடைக்காரர் கொட்டேஷனோட வைங்க. பட்ஜெட் போடறது ஏப்ரலுக்கு முன்னாடி, அதனால ஜனவரிலயே கதவத் தட்டுங்க.

ஓடம்போக்கி:
எல்லாஞ் சரி அக்கா, அதுக்கும் முன்னாடி ஒரு வேல இருக்கு. ரிஜிஸ்டர்ல 640 இருக்கிற வரைக்கும் "உங்ககிட்டதான் இருக்கே"ன்னுதான் சொல்லுவாங்க. ஒரு சனிக்கெழம ரெண்டு மூணு பேரா உக்காந்து நல்லது, பைண்டிங் போட்டா தேறுறது, செத்ததுன்னு பிரிங்க. செத்தத நிர்வாகத் தீர்மானம் போட்டு, கல்வி அலுவலருக்கு எழுதி, முறையா கழிங்க, ஆடிட்ல மாட்டாது. எங்க பள்ளியில இதப் பண்ணினப்பதான் ஆறாவதுக்கு மேல படிக்க ஒண்ணுமே இல்லங்கிறது எங்களுக்கே தெரிஞ்சுது, அந்த லிஸ்ட்டத்தான் நன்கொடை கேக்குறப்ப காட்டினோம். ரேக்க சுவத்துலேந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க, நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில ஓதம் ஏறிடும். வசம்பு துணியில முடிஞ்சு வைங்க. கையில காசு இல்லாதப்ப ஸ்டோரிவீவர்ங்கிற வெப்சைட்ல தமிழ்க் கதைங்க இலவசம், பிரிண்ட் எடுத்துத் தச்சா சின்னப் பசங்களுக்குப் போதும்.

வெண்ணாறு:
மன்னார்குடின்னதும் சொல்லணும்னு தோணுச்சு. 1931லயே உங்க மேலவாசல்லேந்து மாட்டுவண்டியில புத்தகம் ஏத்திக்கிட்டு ஊர் ஊரா கொண்டுபோனாங்க. இந்திய நூலக அறிவியலோட தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனும் நம்ம பக்கத்து சீர்காழிக்காரர்தான். பழைய மாணவர்களுக்கு எழுதற லெட்டர்ல இத முதல் வரியா போடுங்கம்மா, ஊர்ப் பாசம் உள்ளவன் கண்டிப்பா படிப்பான்.

பாமணியாறு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன சனிக்கெழம நானும் ரெண்டு டீச்சரும் உக்காந்து பிரிச்சோம், 640ல 174 நல்லா இருக்கு, 60 பைண்டிங்குக்கு, மிச்சத்த கழிக்கணும். செயலர் ஐயா பீரோவக் கொடஞ்சு டிரஸ்ட் பத்திரத்த எடுத்துக் கொடுத்தாரு, 12ஏ இருக்கு, 80ஜி புதுப்பிக்காம விட்டிருக்காங்க. அரசலாறு சார், பத்திரத்தோட புதன்கெழம கும்பகோணம் வர்றேன், உங்க ஆபீஸ்ல ஒரு அரமணி நேரம் ஒதுக்குவீங்களா?

அரசலாறு:
வாங்க டீச்சர். பத்திரம், பான் கார்டு, மூணு வருஷ வரவு செலவுக் கணக்கு, மூணையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. பதினோரு மணிக்கு மேல வந்தா ஃப்ரீயா இருப்பேன்.