கோபால்ட் சல்பேட் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். நிக்கல் தொட்டியில் சேர்க்க கோபால்ட் சல்பேட் மூட்டைகள் வந்திருக்கின்றன. சேர்த்தால் முலாம் கடினமாகும். பேட்டரி, நிறமி செய்கிறவர்களும் இதை வாங்குவார்கள்.

பார்க்க ரோஸ் கலர் சீனி மாதிரி இருக்கும், தண்ணீரில் கரையும். பாதுகாப்புத் தாளைப் படித்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது: தூள் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், தோலில் பட்டால் ஒவ்வாமை, புற்றுநோய் அபாயம், கருவளத்துக்கும் கேடு. கரையும் கோபால்ட் உப்புகளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகப் பெரிதும் கருதப்படும் பொருள்களில், வைத்திருக்கிறது.

லேபிள், தாள் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். அபாய இரசாயன லேபிள், பாதுகாப்புத் தாள் பற்றிய மலேசியாவின் 2013 விதிமுறை கேட்பதும் அவ்வளவுதான். மூட்டை பிரிக்கும் அண்ணன்மாருக்கோ தமிழ்தான் வாசிக்க வரும். "உப்புதானே தம்பி" என்று ஒருவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கொட்டுகிறார். ஜன்னல் வெளிச்சத்தில் தூள் பறப்பது தெரிகிறது. சிந்தியதை விளக்குமாற்றால் வேறு கூட்டுகிறார்!

யாரிடமாவது தமிழில் எச்சரிக்கை அட்டை இருக்கிறதா? மூட்டை பிரிக்க நுண்தூளைத் தடுக்கும் பி100 வடிகட்டி முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் போதுமா, காற்று உறிஞ்சியும் வேண்டுமா? சிந்தியதை ஈரத்துணியால் துடைக்கிறீர்களா, ஹெப்பா (நுண்தூள் வடிகட்டி) உள்ள வேக்கும் கிளீனர் வைத்திருக்கிறீர்களா? கழுவிய தண்ணீர் மீன்களுக்கு நஞ்சு, சாக்கடையில் விடமாட்டோம். அப்புறம், பட்டர்வொர்த் பக்கம் தொழில்சார் மருத்துவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நிர்வாகத்திடம் நானே பேசிக்கொள்கிறேன்.