கல்லுப்பை வச்சு செல்டா காலவரிசை போடுற ஆக்களுக்கு

கல்முனைக் காக்கா
நேத்து ஒரு புதுப் பொடியன் வந்து "நின்டென்டோட செல்டா கேம் தொடர்ல எதை முதல் விளையாடுற?" எண்டு பாவமாக் கேட்டான். ஒரு வரியில பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். எங்கட முகத்துவாரக்காரன் அண்ணன் அவனை இருத்தி வச்சு உப்பு வகுப்பு எடுத்திருக்கார். அந்தத் தொடர்ட பிரெத் ஒஃப் த வைல்ட் கேம்ல கல்லை உடைச்சா கல்லுப்பு விழுமாம். அதின்ட விபரத்தில "பண்டைய கடலின் உப்பு" எண்டு கிடக்காம். அந்தக் கடல் முந்தின கேமான விண்ட் வேக்கர்ல வந்த பெருங்கடலாம். ஆகவே பிரெத் ஒஃப் த வைல்ட் கதாநாயகன் லிங்க் வளர்ந்த பிறகு வாற காலவரிசைக் கிளையிலதான் வருமாம். "இதில வாதத்துக்கே இடமில்ல" எண்டு முடிச்சிருக்கார்.

இடம் இரிக்கி. தாராளமா இரிக்கி. 1986இல தொடங்கின ஒரு தொடர்ட வரலாற்றை, இறைச்சி சுடக்குள்ள தூவுற ஒரு சாமானை வச்சு எழுதேலாது. 2011 கடைசியில ஜப்பானில வந்த ஹைரூல் ஹிஸ்டோரியா புத்தகத்தில, ஒக்கரினா ஒஃப் டைம் கேமுக்குப் பிறகு கதை மூணு கிளை எண்டு நின்டென்டோவே அச்சடிச்சது. லிங்க் தோத்தா ஒண்டு, அவன் சின்னப் பிள்ளையாத் திரும்பிப் போன காலம் ஒண்டு, வளர்ந்த லிங்க் இல்லாமப் போன எதிர்காலம் ஒண்டு, விண்ட் வேக்கர் அதிலதான் வருது. 2017இல வந்த பிரெத் ஒஃப் த வைல்ட் இதில எந்தக் கிளை எண்டு அவங்க இண்டைக்கு வரைக்கும் வாய் திறக்கல்ல. 2024இல சிட்னியில காட்டின வரிசையிலயும் அதையும் அதின்ட தொடர்ச்சி டியர்ஸ் ஒஃப் த கிங்டத்தையும் தனியாத்தான் வச்சிருந்தாங்க. செஞ்சவனே சொல்லாததை முகத்துவாரத்தில இருந்து கண்டுபிடிச்சிட்டாங்க, மாஷா அல்லாஹ்.

முகத்துவாரக்காரன்
என்ட பேரில இழை திறந்ததுக்கு நன்றி காக்கா. போன வருஷம் மஜோராஸ் மாஸ்க் கேமைப் பத்திக் கதைச்சதில பட்ட புண் இன்னும் ஆறல்ல போல.

உப்பு மட்டும்தான் எண்டு நான் எங்க சொன்னன்? மரக்குட்டி மாதிரி கொரொக் இனம் இரிக்கி, பறவை மனுசர் ரிட்டோ இனம் இரிக்கி. ரெண்டும் முதல் தலைகாட்டினது 2002இல, விண்ட் வேக்கர்ல. காட்டில வாழ்ந்த கொக்கிரிப் பிள்ளைகள் கொரொக் ஆனதும், தண்ணிக்குள்ள வாழ்ற ஸோரா வம்சம் இறக்கை முளைச்சு ரிட்டோ ஆனதும் கடல் வந்த பிறகுதான். கடலே வராத கிளையில பறவை மனுசன் எங்கால வந்தான்? பிரெத் ஒஃப் த வைல்ட்டில ரிட்டோக்கள்ட தெய்வ யந்திரத்துக்குப் பேர் வா மெடோ. மெட்லி எண்ட ரிட்டோப் பிள்ளை விண்ட் வேக்கர்ல வாறவ. இதெல்லாம் பக்கபலம்.

மூல ஆதாரம் உப்பு. பேரை ஆரும் வைக்கலாம், உப்பை ஆரும் கொண்டு போய் வைக்கேலாது. கடல் நிண்டு, வத்தி, படிஞ்சாத்தான் கல்லுப்பு. முதல்ல உப்புக்குப் பதில் சொல்லுங்க, மற்றது மறுகா பாப்பம்.

படுவான்கரைப் பொடியன்
நான் அந்த உப்பை மீனோட சட்டியில போட்டுச் சமைச்சிட்டு அப்பிடியே போய்ட்டன். விபரம் வாசிக்கிற ஆக்களும் இரிக்காங்க எண்டு இப்பதான் தெரியும் 😂

ஆரையம்பதி அக்கா
தம்பி முகத்துவாரம், ஸ்கைவர்ட் சோர்ட் விளையாடினீங்களா? முழுத் தொடருக்கும் முதல் கதை அதுதான். அதில லனாய்ரு மணற்கடல் எண்டு ஒரு பகுதி வரும். இப்ப வெறும் மணல், முந்தி உண்மையான கடல். காலத்தைப் பின்னுக்குத் திருப்புற காலக்கல் பூட்டின படகில போகக்குள்ள படகைச் சுத்தி ஒரு வட்டத்துக்கு மட்டும் மணல் தண்ணியாகும். படகு தாண்டினதும் பின்னால திரும்ப மணல். அந்த இடத்தில நான் போற வேலையை விட்டிட்டு சும்மா சுத்திச் சுத்தி ஓடினன், அவ்வளவு வடிவு.

இப்ப கணக்குப் பாருங்க. மூணு கிளையும் பிரியிறதுக்கு எத்தனையோ காலத்துக்கு முதல்லயே கதை நடக்கிற ஹைரூல் நாட்டில ஒரு கடல் வத்திப் போச்சு. அதின்ட உப்பு மூணு கிளைக்கும் பொது. விபரத்தில "பண்டைய கடல்" எண்டு இரிக்கி, எந்தக் கடல் எண்டு இல்ல.

கல்முனைக் காக்கா
அக்கா ஒரே பந்தில விக்கெட் எடுத்திட்டா.

முகத்துவாரக்காரன்
விளையாடினன் அக்கா. யூடியூப் பாத்திட்டு வந்து கதைக்கிற பழக்கம் எனக்கில்ல, இந்த இழையில சில பேருக்கு இரிக்கி, பேர் சொல்லல்ல.

லனாய்ரு ஹைரூல்ட ஒரு மூலை. பிரெத் ஒஃப் த வைல்ட்டில ஊர் ஊரா, மலை மலையா, எங்க கல்லை உடைச்சாலும் உப்பு விழுது. ஒரு மூலையில கிடந்த கடல் மலை உச்சிக்கு எப்பிடி உப்புக் கொண்டு போகும்? முழு நாடும் கடலுக்குள்ள போனாத்தான் நடக்கும். முழு நாடும் கடலுக்குள்ள போன கதை எது? நான் சொல்லத் தேவையில்ல.

உப்புக்குப் பதில் சொல்லுங்க.

கல்முனைக் காக்கா
சரி, உப்புக்கே வாறன். விண்ட் வேக்கர்ல கடல் எப்பிடி வந்தது? வில்லன் கனோன் திரும்ப வந்திட்டான், அவனை வெட்ட ஒரு லிங்க்கும் இல்ல, சனம் தெய்வங்களைக் கும்பிட்டது, தெய்வங்கள் மழையைக் கொட்டி நாட்டைத் தாட்டிச்சு. மழை மச்சான், மழை! மழைத் தண்ணி எப்ப உப்பாச்சு? கல்முனையில மாரிக்கு வெள்ளம் நிக்கக்குள்ள நாங்க உப்பு அள்ளிக்கொண்டா இரிக்கம்?

மறுகா, கடலுக்கு அடியில லிங்க் போற ஹைரூல் கோட்டை ஞாபகமா? உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்ல. காத்துக் குமிழிக்குள்ள காஞ்சு போய் நிக்கிது. அங்க உப்பு எப்பிடிப் படிஞ்சதாம்?

முகத்துவாரக்காரன்
உலகத்தில எந்தக் கடலுக்குத் தண்ணி மழையால வரல்ல? மழை பெஞ்சு, மண்ணையும் கல்லையும் கரைச்சு, ஆறு கொண்டு வந்து கொட்டக் கொட்டத்தான் கடல் உப்பானது. இது பள்ளிக்கூடத்தில படிச்சது. எங்கட களப்பை ஒருக்கா வந்து பாருங்க. மாரியில வாயில வைக்கலாம் போல இரிக்கும், கச்சான் காத்துக் காலத்தில கரிக்கும். அதே களப்புத்தான். தண்ணி எங்கால வந்தது எண்டது இல்ல, எவ்வளவு காலம் நிண்டது எண்டதுதான் கதை.

கோட்டை குமிழிக்குள்ள இரிக்கி. கோட்டை மட்டும். கோட்டைக்குள்ள ஆரும் கல்லுடைக்கல்ல.

பொத்துவில் அலை
ஒரு சின்னக் கேள்வி. பிரெத் ஒஃப் த வைல்ட் கடைசியில வருது எண்டா ஒரு கிளைட கடைசியா, எல்லாக் கிளையும் திரும்பச் சேந்த பிறகு வாற கடைசியா? ரெண்டு பேரும் "கிளை" எண்டு ஒண்டைத்தான் சொல்றீங்களா? அதைத் தெளிவாக்கினா பாதிச் சண்டை இல்லையே.

கல்முனைக் காக்கா
இந்துப்பு கேள்விப்பட்டிரிக்கீங்களா? நாட்டு மருந்துக் கடையில ரோஸ் கலரில விப்பாங்க. பாகிஸ்தானில கேவ்ரா எண்ட இடத்துச் சுரங்கத்தில வெட்டுறாங்க. கடல் எங்க, கேவ்ரா எங்க! கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தி நிண்ட கடல்ட உப்பு அது. கல்லுப்பாக அவ்வளவு காலம் வேணும். நீங்க என்னண்டா 2002இல வந்த கேமில இருந்து 2017இல வந்த கேமுக்கு உப்பு ஏத்துறீங்க.

முகத்துவாரக்காரன்
வெளிவந்த வருஷத்தையும் கதைட காலத்தையும் குழப்புறது காக்காட பழைய வியாதி. பிரெத் ஒஃப் த வைல்ட்டில வாற முந்தின பேரழிவே பத்தாயிரம் வருஷத்துக்கு முதல் நடந்தது. அதுக்கும் முந்தின காலம் எவ்வளவு எண்டு ஆருக்குத் தெரியும்? நீங்க கேட்ட கோடி வருஷமும் அதுக்குள்ள இரிக்கலாம். உங்கட கேவ்ரா எனக்குத்தான் சாட்சி சொல்லுது.

அதோட கல்லாகத்தான் காலம் வேணும், உப்பேற வேணாம். 2004இல கடல் வந்திட்டுப் போக எவ்வளவு நேரம் எடுத்தது? அதுக்குப் பிறகு கரையோரக் கிணத்துத் தண்ணியை வாயில வைக்க முடிஞ்சதா?

ஆரையம்பதி அக்கா
தம்பி, அதை இதுக்குள்ள இழுக்காதீங்க.

முகத்துவாரக்காரன்
நான் இழுக்கல்ல அக்கா, உதாரணம்தான் சொன்னன்.

ஆரையம்பதி அக்கா
உதாரணத்துக்கு வேற ஒண்டுமே கிடைக்கல்லியா? எங்கட வளவுக் கிணத்தை இறைச்சு இறைச்சு ஓஞ்சு போன ஆக்கள் நாங்க. ஒரு கேம்ல நீங்க வெல்லுறதுக்கு அது வேணாம்.

கல்முனைக் காக்கா
அக்கா சொல்றது மெய்தான். எல்லாத்தையும் தன்ட உப்புச் சட்டிக்குள்ள போட்டுக் கிண்டுற பழக்கம் இந்தாளுக்கு.

முகத்துவாரக்காரன்
உப்பேறின கிணறு எங்கட வீட்டிலயும் இருந்தது. துக்கத்தை ஆரும் எனக்குப் படிப்பிக்க வேணாம்.

படுவான்கரைப் பொடியன்
கோவப்படாதீங்க. நான் திரும்பப் போய் அந்த உப்பைப் பாத்தன், கன்சோல் இல்லாமக் கேம் ஓட்டுற என்ட எமுலேட்டர்ல விபரம் பாதிதான் தெரியுது. எழுத்து வெட்டுப்பட்டு நிக்கிது.

முகத்துவாரக்காரன்
எமுலேட்டரா? அப்ப தம்பி ஓரமா நிண்டு பாருங்க. காசு குடுத்து வாங்காதவனுக்குக் காலவரிசையில வாக்கு இல்ல.

படுவான்கரைப் பொடியன்
ஆ, வந்திட்டார் நின்டென்டோட மருமகன். உங்களுக்கு மாமா கனடாவில இருந்து ஸ்விட்ச் கன்சோல் அனுப்பினார். எங்கட பக்கம் வயல் விளைஞ்சாத்தான் ஃபோனுக்கே ரீலோட். ஒரு கேம் விக்கிற விலை தெரியுமா? நெல்லு விலையும் தெரியுமா?

முகத்துவாரக்காரன்
மாமா அனுப்பல்ல, என்ட காசு. மாமா அனுப்பினது கேம்கியூப், அது வேற கதை.

மட்டுறுத்துனர்
எமுலேட்டர் இணைப்பு ஆரும் போட வேணாம். குடும்பத்தையும் ஊரையும் இழுத்துக் கதைக்கிறதும் வேணாம். விசயத்தைக் கதையுங்க.

பொத்துவில் அலை
என்ட கேள்வி அப்பிடியே நிக்கிது.

ஆரையம்பதி அக்கா
விசயத்தைக் கதைப்பம். 2023இல வந்த டியர்ஸ் ஒஃப் த கிங்டத்தில இளவரசி செல்டா பழைய காலத்துக்குப் போறா. அங்க ராவுருதான் ஹைரூல்ட முதல் அரசன், பக்கத்தில சோனியா ராணி. கனோன்ட மனுச உருவமான கனன்டோர்ஃபை எதிர்க்க ராவுருவோட நிண்ட ஞானிகளில ரிட்டோ ஒராள், ஸோரா ஒராள். ரெண்டு இனமும் ஒரே நேரத்தில. முகத்துவாரம் சொன்னபடி ஸோராதான் ரிட்டோவா மாறினது எண்டா, அரசு தொடங்கின காலத்திலயே ரிட்டோ ஞானி எப்பிடி வந்து நிக்கிறார்? கடல் வாறதுக்கு எவ்வளவோ முதல்லயே பறவை மனுசர் இருந்திரிக்காங்க.

கல்முனைக் காக்கா
இதுக்குத்தான் நான் முதல்ல இருந்தே சொல்றன், பிரெத் ஒஃப் த வைல்ட் ட்வைலைட் பிரின்சஸ் கேம்ட கிளை, லிங்க் சின்னப் பிள்ளையாத் திரும்பின கிளை. கெருடோப் பாலைவனத்தில ஆர்பிட்டர்ஸ் கிரவுண்ட்ஸ் எண்டு வரைபடத்திலயே பேர் கிடக்கு. 2006இல வந்த ட்வைலைட் பிரின்சஸ்ல கனன்டோர்ஃபுக்கு மரண தண்டனை குடுக்கப் போன இடம். இடிஞ்சு போய் அங்கயே நிக்கிது. இது கல்லு. கண்ணால பாக்கலாம்.

முகத்துவாரக்காரன்
கல்லு எண்டா ஆதாரம், கல்லுப்பு எண்டா சமையல் சாமானா? நல்ல நியாயம். பேர்தான் ஆதாரம் எண்டா நானும் சொல்லுவன் வா மெடோ. இன்னும் கேளுங்க. லிங்க்குக்குப் பட்டம் சூட்டக்குள்ள செல்டா சொல்லுற வசனத்தில வானமும் (ஸ்கைவர்ட்) வருது, காலமும் (டைம்) வருது, அந்திப்பொழுதும் (ட்வைலைட்) வருது. எல்லாக் கிளைக்காரனும் தன்ட பேரைக் கேட்டுச் சந்தோசப்படுறதுக்கு வச்சது. பேரை நம்பினா நடுத்தெருவில நிக்க வேண்டியதுதான்.

அக்கா, ராவுரு முதல் அரசன் எண்டா எந்த ஹைரூலுக்கு? பழசு கடலுக்குள்ள போய், கடல் வத்தி, புது நாடு எழும்பி, அதுக்கு முதல் அரசன். விண்ட் வேக்கர் முடிவில பழைய ஹைரூல்ட அரசன் டாஃப்னெஸ் வரம் குடுக்கிற ட்ரைஃபோர்ஸைத் தொட்டு என்ன கேட்டார்? ஹைரூலை அடிச்சுக்கொண்டு போ எண்டு கேட்டார். போச்சு. மறுகா எழும்பினது ராவுருட ஹைரூல். அந்த நேரம் ரிட்டோ இரிக்கத்தானே வேணும்! நீங்க எனக்கு எதிராச் சொன்னது எனக்குத்தான் சாதகம்.

ஆரையம்பதி அக்கா
எது சொன்னாலும் உங்களுக்குத்தான் சாதகம். அப்ப ஸோரா? ரிட்டோவா மாறி முடிஞ்ச ஸோரா ராவுருக்குப் பக்கத்தில எங்கால?

முகத்துவாரக்காரன்
எல்லாரும் மாறினாங்க எண்டு ஆர் சொன்னது? கொஞ்சப் பேர் வேற கடலுக்குப் போயிருப்பாங்க.

கல்முனைக் காக்கா
வேற கடல்! கேட்டீங்களா? ஸோராவுக்கு எண்டா வேற கடல் இரிக்கி. உப்புக்கு எண்டா ஒரே ஒரு கடல்.

படுவான்கரைப் பொடியன்
😂😂😂

முகத்துவாரக்காரன்
சிரிங்க சிரிங்க. சிரிக்கிறது பதில் இல்ல. இந்த இழை முழுக்கப் பாத்திட்டன். இந்துப்பு வந்தது, மழை வந்தது, என்ட மாமாவும் வந்தார். உப்புக்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்லல்ல.

கல்முனைக் காக்கா
அக்கா சொல்லியாச்சு. மேல பாருங்க.

முகத்துவாரக்காரன்
மேல பாத்தன். இல்ல.