அப்பாட பயொப்சி ரிப்போட்டில "மொடரேட்லி டிஃபரென்ஷியேட்டட்" எண்டால் என்ன?

உப்புவெளி மகள்:
அப்பாக்கு 61. நிலாவெளியில கரைவலை இழுத்த ஆள். வெத்திலை, புகையிலையை எப்பவும் இடது கன்னத்துக்குள்ளதான் ஒதுக்குவார். அதே இடத்தில வந்த புண் ரெண்டு மாசமா ஆறேல்லை. இப்ப ரிப்போட் வந்திருக்கு: "மொடரேட்லி டிஃபரென்ஷியேட்டட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா," தட்டைக் கலத்தில வாற புற்றாம். கிளினிக்கில சரியான சனம், விளங்கக் கேக்க முடியேல்லை. ஏஎல் பயோ படிக்கிற தம்பி, "கலம் வியத்தத்தை இழந்திட்டுது" எண்டான், அதாவது தன்ர வேலைக்கெண்டு முதிர்ந்த தன்மையை. முதிர்ந்த கலம் எப்பிடித் தன்ர வேலையை மறக்கும்? "மொடரேட்" எண்டால் பாதி பரவிட்டுதா?

ஸ்லைட் மேசை:
இல்லை தங்கச்சி, முதல்ல அந்தப் பயத்தை விடுங்கோ. கட்டி எவ்வளவு பெரிசு, கழுத்து நிணநீர்க் கணுவுக்குப் போட்டுதா எண்டது ஸ்டேஜ். இது கிரேட். கலம் தன்ர தாய் இழையத்தை எவ்வளவு ஒத்திருக்கு எண்டு மட்டும்தான் சொல்லும்.

பதினாறு வருசமா இழையம் வெட்டி நிறமூட்டுறன். கன்னத்து உள்தோலில அடிப்பக்கத்துக் கலம்தான் பிரியும். மேல வர வரத் தட்டையாகி, பிரியிறதை நிப்பாட்டி, உதிர்ந்துபோகும். முதிர்றதும் பிரியாமல் நிக்கிறதும் ஒண்டாத்தான் நடக்கிறது. புகையிலையும் பாக்கும் பி53 மாதிரிக் காவல் மரபணுக்களைப் பழுதாக்கினால் ரெண்டும் சேர்ந்து குழம்பும். தொழில் மறக்காத புற்றில கெரட்டின் (தோல், நகத்தில இருக்கிற புரதம்) முத்துத் தெரியும், வெங்காயத்தைக் குறுக்க வெட்டின மாதிரி, ரோசா நிற வளையங்கள். அப்பாட "மொடரேட்லி", அதாவது நடுத்தர வகையில அது குறைவு. மோசமானதில அனேகமா இராது, கருக்கள் மட்டும் பெரிசும் சின்னனுமாக் கறுத்துக் கிடக்கும்.

பயோ ரீச்சர்:
தம்பி சொன்னது பாதி சரி. சில கலம் முதிர்ந்த நிலையில இருந்து பின்னுக்குப் போகும், சிலது முதிராமலே நிண்டுபோகும். பின்னுக்குப் போகலாம் எண்டதை 2006இல யமனாக்கா எண்ட ஜப்பான் விஞ்ஞானி எலிக் கலங்களில காட்டினார், நாலு மரபணுக் காரணி குடுத்து. அதில ஒண்டான சி-மிக் பல புற்றுகளிலயும் அளவுக்கு மிஞ்சி வேலை செய்யிற மரபணு. மறுபக்கமும் இருக்கு. ஒரு வகை இரத்தப்புற்றில வைத்தமின் ஏ சார்ந்த மருந்து கலத்தை முதிரப்பண்ணும். 1988இல ஷாங்காயில 24 பேருக்குக் குடுத்து, 23 பேருக்கு அது மட்டுமே காணுமாயிருந்தது. ஆனா பிள்ளை, இதை வாசிச்சிட்டு அப்பாக்கு வைத்தமின் ஏ குளிசை வாங்கிக் குடுத்திடாதேங்கோ. வாய்ப்புற்றுக்கு முதல்ல சத்திரசிகிச்சை, தேவையெண்டால் கதிர்.

உப்புவெளி மகள்:
அண்ணை, ரீச்சர், பெரிய உதவி. வியாழன் கிளினிக். "ஸ்டேஜ் என்ன, கழுத்து எப்பிடி" எண்டு தாளில எழுதி வச்சிட்டன். அப்பா வெத்திலைத் தட்டத்தை அம்மாட்டக் குடுத்திட்டார். நாக்கு மட்டும் இன்னும் அந்தக் கன்னத்துக்குத்தான் போகுது.