மெய்நிகர் கணினிப் பிணைய அமைப்புகளில் ‘டிஃபால்ட்’: முன்னமைவு என்று வைக்கலாமா?

வணக்கம்.

மென்பொருளைத் தமிழாக்கும்போது, பிணைய அமைப்புப் பக்கத்தில் ‘டிஃபால்ட்’ (நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக நிற்கும் அமைப்பு) வரும் இடமெல்லாம் ‘இயல்புநிலை’ போடுவது எனக்கு ஒத்துவரவில்லை. எழுத்துருவும் நிறமும் இயல்புநிலையில் இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே அது உறுத்தாது. பிணையத்தில் அந்தச் சொல் ஆளைத் தவறான பக்கம் அனுப்பிவிடும்.

கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் புதிய இயந்திரம் உருவாக்கினால் அது நாட் முறையில் (முகவரியை மாற்றி வெளியே அனுப்பும் முறை) இணையும், வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். இரண்டாவது இயந்திரத்தை ஏற்றினால் அதற்கும் அதே 10.0.2.15தான், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாட். அதனால் இரண்டும் ஒன்றோடொன்று பேச முடியாது. இதில் இயல்பு எங்கே வந்தது? புதியவருக்கு உடனே இணையம் கிடைக்கட்டும் என்று உருவாக்கியவர்கள் முன்கூட்டியே எடுத்துவைத்த முடிவு, அவ்வளவுதான். ‘இயல்புநிலை’ என்று படிப்பவர் வெளிப் பிணையத்தில் நேரடியாகச் சேரும் பாலம் முறைக்கு மாறுவதை ஏதோ விபரீதம் என்று நினைப்பார்.

வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவைக்கும் போர்ட் ஃபார்வர்டிங் விதியிலும் இதே கதை. தரவு எந்த முறையில் போகும் என்று சொல்லும் நெறிமுறைக் கட்டத்தில் டிசிபி தானாக வந்து உட்கார்ந்திருக்கும். உள்ளே டிஎன்எஸ் வழங்கி (தளப் பெயருக்கு முகவரி சொல்வது) வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் வேண்டியது யுடிபி என்ற இன்னொரு நெறிமுறை. இயல்பானதுதானே என்று விட்டுவிட்டால் வினவல்கள் உள்ளே போய்ச் சேராது.

‘கொடாநிலை’ பொருளில் சரி: பயனர் எதுவும் கொடுக்காதபோது நிற்கும் நிலை. ஆனால் காதில் விழுவது கொடாக்கண்டன்! ‘முன்னிருப்பு’ என்றால் கணக்கேட்டு வாடை.

என் பரிந்துரை ‘முன்னமைவு’. யாரோ முன்பே அமைத்தது, ஆகவே மாற்றலாம் என்பது சொல்லிலேயே தெரிகிறது. முன்னமைவு நெறிமுறை, முன்னமைவுக்குத் திருப்பு, முன்னமைவாக்கு என்று பொத்தான்களுக்கும் வளைந்துகொடுக்கிறது. ‘ப்ரீசெட்’டுக்கு என்ன செய்வது என்பீர்கள். அது பல அமைப்புகளைச் சேர்த்துக் கட்டிவைத்த பொதி, ‘முன்தொகுப்பு’ போதும்.

அப்புறம், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் இன்னொரு மென்பொருளான லிப்விர்ட்டில் கவனம் வேண்டும். அங்கே 192.168.122.0/24 முகவரிகளோடு வரும் பிணையத்தின் பெயரே ‘டிஃபால்ட்’. கட்டளையில் ஆங்கில எழுத்தில் தட்டச்சிட வேண்டிய பெயர் அது. அதையும் தமிழாக்கிவிட்டால், திரையில் பார்த்ததை அப்படியே தட்டுபவருக்கு அப்படியொரு பிணையமே இல்லை என்ற பிழைச்செய்திதான் வரும். அந்தச் சரத்தைத் தொடாமல் விட்டுவிடுவோம்.