நாலாம் லெவலில் எடுத்த பெரட்டு: உங்கள் மேசையில் ராஜ்ஜியம் எப்போது தொடங்கியது?

ஆற்றங்கரையான் (சுங்கை சிப்புட், மலேசியா):

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஆறு பேர், சனிக்கிழமை இரவுகளில் ஒரு மோட்டார் பட்டறையின் பின்னறையில் டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் மேசை விளையாட்டு) ஆடுகிறோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன்.

ஆட்டக்காரர்கள் ஆடும் கேரக்டர்கள் ராஜ்ஜியம் கட்ட எப்போது தொடங்க வேண்டும் என்று நெடுநாள் குழம்பியிருக்கிறேன். பழைய விதிகளைக் கேட்டால் 9-ஆம் லெவல் என்று சொல்லும் (லெவல் என்பது கேரக்டர் அனுபவத்தால் ஏறும் படி). 1974-இல் வந்த முதல் டிஎன்டியிலேயே போர்வீரன் 9-ஆம் லெவலில் 'லார்ட்' ஆகிறான். அப்புறம் கோட்டை கட்டினால் அவன் ஒரு பிரபு. சரி, அதுதான் முறை என்று நானும் காத்திருந்தேன். ஆனால் இங்கே ஒருவருக்கு ராத்திரி ஷிப்ட், இன்னொருவருக்குச் சொந்தத்தில் கல்யாணம் என்று ஆட்டம் தள்ளிக்கொண்டே போகும். முதல் கேம்பெயின், அதாவது பல ஆட்டங்களாகத் தொடரும் ஒரே கதை, 6-ஆம் லெவலில் நின்றது, இரண்டாவது 5-இல். கோட்டைக்கு வரைந்த படங்கள் இன்னும் பைலில் இருக்கின்றன.

மூன்றாவதில் நான் எதையும் திட்டமிடவில்லை. பார்ட்டி, அதாவது கேரக்டர்களின் குழு, 4-ஆம் லெவல். ஓர்க் கூட்டம் எரித்த கிராமத்திலிருந்து 23 பேரை மீட்டு, ஆற்றுத்துறையில் பாழடைந்து கிடந்த ஒரு சுங்கச்சாவடியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். என் கணக்குப்படி அந்த 23 பேரும் மறுநாள் பக்கத்து நகரத்துக்குப் போயிருக்க வேண்டும்.

எங்கள் மேசையில் ஓர் அண்ணன் இருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், வேலையாட்களின் மேற்பார்வையாளர். தினமும் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பவர்; அந்த ஆள்கணக்குதான் பெரட்டு. அவர், "சரி தம்பி, நாளைக்குக் காலையில யார் யாருக்கு என்ன வேலை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் கேரக்டர் ஷீட்டைத் திருப்பிப் போட்டு, ரூலர் வைத்துக் கோடு கிழித்து, 23 பெயரையும் கேட்டார். நான் உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்தேன். வயது, தெரிந்த தொழில். தச்சர் ஒருவர். பிரசவம் பார்க்கும் கிழவி ஒருத்தி. நடக்க முடியாத இருவரைப் பிள்ளைகளுக்குக் காவல் வைத்தார். நான்கு பேர் தண்ணீருக்கு, ஆறு பேர் வேலிக்கு. காய்ச்சலில் கிடந்த பையனின் பெயருக்கு நேரே 'அரை நாள்' என்று எழுதினார். அன்று இரவு ஒரு பகடைகூட உருளவில்லை. அப்புறம் மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போதும் அதே பேச்சுதான்.

இரண்டு வாரம் கழித்து கோப்ளின்கள் வேலியை உடைத்து அந்தத் தச்சரைக் கொன்றபோது மேசையில் யாரும் பேசவில்லை. முன்பு ஒரு நகரத்தையே டிராகனுக்குக் கொடுத்திருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படி ஆனதில்லை.

அதனால் சொல்கிறேன், லெவலைப் பார்க்காதீர்கள். வேறு வேலையாக வெளியே போன ஆட்டக்காரர்கள், விட்டு வந்த ஊரைப் பற்றித் தாங்களாகவே விசாரித்தால் அதுதான் நேரம். 1981-இல் வந்த டிஎன்டியின் எக்ஸ்பர்ட் விதிப்புத்தகத்திலும் போர்வீரன் கையில் காசு இருந்தால் எந்த லெவலிலும் கோட்டை கட்டலாம். பட்டம் கிடைக்கத்தான் 9.

அடுத்து நிலம் யாருடையது என்ற கேள்வி வந்தது. சாவடி இருந்த இடம் ஒரு பிரபுவின் சொத்து. வாள் எடுப்பார்கள் என்று நினைத்தேன், அவர்கள் மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தனின் வழியை எடுத்தார்கள். வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன காலத்தில், 1960-இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களே பங்கு கட்டித் தோட்டம் வாங்கினார்கள். எங்கள் ஊரில் பலர் வீட்டில் அந்தக் கதை உண்டு. சாவடியையும் அப்படியே வாங்கினார்கள். கேரக்டர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, கிழவிக்கும் ஒரு பங்கு. எங்கள் ராஜ்ஜியத்தில் ராஜா இல்லை.

உங்கள் அனுபவம் எப்படி?

செம்பருத்தி:

அண்ணே, நான் முதல் லெவலிலேயே கொடுத்துக் கெடுத்தவள். ஒரு கேரக்டருக்கு அப்பாவின் சிற்றரசு வாரிசுச் சொத்தாக வந்தது. முதல் ஆட்டமே வரவு செலவு. கூடவே 12 கிராமம், மூன்று கோட்டை, ஒரு சுரங்கம். யாரும் அந்த ஊரில் ஒரு தெருவைக்கூடப் பார்த்ததில்லை, அழுவதற்கு அங்கே தெரிந்த ஆளும் இல்லை. மூன்றே ஆட்டம், முடிந்தது.

ஆனால் முதல் லெவல் என்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். 1995-இல் வந்த பர்த்ரைட் என்ற டிஎன்டி உலகத்தில் கேரக்டர்கள் தொடக்கத்திலேயே ஆட்சியாளர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஆட்சிச் சுற்று, அதற்கென்றே எழுதிய விதிகள். நான் சாதாரண விதிகளை வைத்துக்கொண்டு, ஊரைக் காட்டாமலே சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது ஆடுவதில் ஒரே ஒரு தெரு, ஒரு கிணறு. நன்றாகப் போகிறது.

பகடைக்காரன்:

நாங்கள் ஆடியது டிஎன்டி மாதிரியான இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் கிங்மேக்கர் என்ற கதைத்தொடர், 2010. அதிலும் 4-ஆம் லெவல் வாக்கில்தான் ராஜ்ஜியம் தொடங்கும், எனவே ஆற்றங்கரையான் சொல்வது சரி. ஆனால் மாதா மாதம் பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை என்று எண்களைப் போடும்போது சண்டைக்கென்று வருகிற நண்பர் போனை எடுத்துவிடுவார். ஆட்டத்தின் கடைசி 20 நிமிடம் மட்டும்தான் ராஜ்ஜியம் என்று வைத்தபிறகு அவரும் பேச ஆரம்பித்தார். இப்போது படைத்தளபதி அவர்தான்.

மூத்தவர்:

9 வரை காத்திருந்து கட்டியவன் நான். ஆறு வருடம் ஆனது. அந்தக் கோட்டையின் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை உண்டு, அதை நாலாம் லெவலில் வாங்க முடியாது. மேசையில் அதே நான்கு பேர் கடைசிவரை இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரையான்:

ஐயா, அந்த நான்கு பேர் கிடைத்தால் நானும் காத்திருப்பேன். தங்கச்சி, ஒரு தெரு ஒரு கிணறு என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

சாவடியில் இப்போது 61 பேர். பெரட்டுத் தாள் மூன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டது. தச்சரின் பெயரை அண்ணன் இன்னும் அடிக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை அரசனின் ஆள் வரி கேட்டு வருகிறான். கட்டுவதா மறுப்பதா என்று 61 பேரிடமும் கேட்க வேண்டும் என்கிறார் அண்ணன். இத்தனை பேரின் ஓட்டைப் பகடையில் எப்படிப் போடுவது? யாராவது செய்திருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.