ஸ்டெல்லேட் செல்லை ஒழித்தால் கல்லீரல் புற்று அடங்குமா?

லாஸ்பேட்டைக்காரன்:
கீழாநெல்லியைத் தாண்டி நம் புதுச்சேரிப் பக்கம் கல்லீரலைப் பற்றிப் பேச்சே கிடையாது. இங்கேயாவது பேசுவோம். கல்லீரல் புற்று பெரும்பாலும் தழும்பேறிச் சுருங்கிய ஈரலில்தான் முளைக்கிறது. அந்தத் தழும்பைப் போடுபவை ஸ்டெல்லேட் செல்கள். சாதாரண நாளில் வைட்டமின் ஏ-யைச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். சாராயமோ கொழுப்போ ஹெபடைட்டிஸ் கிருமியோ ஈரலை விடாமல் புண்ணாக்கினால், உருமாறி, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்டத் தொடங்கிவிடும். கெட்டிப்பட்ட அந்த இடம் கட்டிக்குக் கொண்டாட்டம். ஆகவே இந்தச் செல்களை ஒழிக்கும் மருந்துதான் வேண்டும் என்பது என் கட்சி. எதிர்க்கட்சி வரலாம்.

மஞ்சக்குப்பம் லேப் அக்கா:
வந்துவிட்டேன் தம்பி. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசுத் துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க பயாப்சி ஸ்லைடாகத் தயார் செய்வதுதான் என் வேலை. மேசன் ட்ரைக்ரோம் சாயம் ஏற்றினால் கொலாஜன் நீலமாகத் தெரியும். சிரோசிஸ், அதாவது நீங்கள் சொன்ன தழும்பேறிச் சுருங்கும் நிலை, வந்த ஈரலில் நீலப் பட்டைகள் ஒவ்வொரு ஈரல் திசு முடிச்சையும் சுற்றி வளைத்திருக்கும். நல்ல ஈரலில் இரத்தக் குழாய் ஓரமாக மெல்லிய கீற்று, அவ்வளவுதான். தழும்பு கெட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘ஒழி’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஷ்வாபே குழு 2022-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட எலி ஆய்வைப் பாருங்கள். இந்தச் செல்களில் இரண்டு கூட்டம். உருமாறியவை முதல் வகைக் கொலாஜனைப் போட்டு ஈரலை விறைக்கவைத்துப் புற்றை வளர்க்கின்றன. அமைதியாக இருப்பவை ஹெச்ஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து ஈரல் செல்கள் சாகாமல் காக்கின்றன, புற்றையும் தடுக்கின்றன. நோய் முற்ற முற்ற அமைதியானவை குறைந்து உருமாறியவை பெருகுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்து ஒழிப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

விருத்தாசலம் மல்லாட்டை:
ரெண்டு பேரும் சுற்றுவட்டாரத்தையே பேசுகிறீர்கள். ஈரல் செல்லின் மரபணு கெடாமல் புற்று ஏது? சரியாகக் காயாத மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரல் செல்லின் டிஎன்ஏ-வைத் தாக்கும். ஹெபடைட்டிஸ் பி இருந்தால் சிரோசிஸ் இல்லாமலேகூடப் புற்று வருகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி, களத்தில் மல்லாட்டையை நன்றாகக் காயவைப்பது. முதலில் இதைப் பேசுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன்:
மல்லாட்டை அண்ணே, வராமல் தடுக்க நீங்கள் சொல்வது சரி. வந்த பிறகு? அக்காவிடம் ஒரு கேள்வி. ஹெச்ஜிஎஃப் காவல்காரன் என்கிறீர்கள். அதுவே செல்லின் மேலிருக்கும் மெட் என்ற ஏற்பியைத் தட்டி, முளைத்துவிட்ட கட்டியை வளர்க்கவும் செய்கிறதே! மெட்டையும் சேர்த்துத் தடுக்கும் கபோசான்டினிப் மருந்து 2019-இல் அமெரிக்காவில் இந்தப் புற்றுக்கு அனுமதி பெற்றதே!

மஞ்சக்குப்பம் லேப் அக்கா:
அது மெட்டை மட்டுமா தடுக்கிறது? இரத்தக் குழாய் வளர்ச்சியையும் சேர்த்துத்தான். மெட்டைக் குறிவைத்து வந்த டிவான்டினிப் மருந்து மூன்றாம் கட்டப் பரிசோதனையில் தோற்றுப்போனது. கணையப் புற்றிலும் பாருங்கள்: 2014-இல் எலிகளில் கட்டியைச் சுற்றியிருந்த நார் செல்களை அழித்தார்கள், கட்டி இன்னும் முரடாகிப்போனது. கணையம் வேறு, ஈரல் வேறு, ஆனாலும் பயம் வருமா வராதா? அழிப்பதைவிட அடங்கவைப்பதே மேல். புண்ணாக்கும் காரணம் நின்றால் உருமாறிய செல்களில் ஒரு பகுதி செத்துவிடும், இன்னொரு பகுதி அடங்கிவிடும் என்று 2012-லேயே எலிகளில் காட்டிவிட்டார்கள்.

லாஸ்பேட்டைக்காரன்:
அடங்கியவை முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, மறுபடி சீண்டினால் முன்னைவிட வேகமாக எழும் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது, அக்கா. அதனால்தான் ஒழி என்கிறேன். கொலாஜன் போடுகிற கூட்டத்தை மட்டும் பிரித்து அடிக்க வழி கிடைத்தால் என்ன சொல்வீர்கள்?

மஞ்சக்குப்பம் லேப் அக்கா:
கிடைத்தால் கை தட்டுவேன். அதுவரை ஒழி கிழி என்று சொல்லாதீர்கள்.

விருத்தாசலம் மல்லாட்டை:
சரி, ஒரு சந்தேகம். எங்கள் மாமா சிரோசிஸ் என்று தெரிந்ததும் குடியை விட்டுவிட்டார். இனி ஸ்கேன் வேண்டாம் என்கிறார்.

மஞ்சக்குப்பம் லேப் அக்கா:
வேண்டும் அண்ணே. குடியை விட்டது ரொம்ப நல்லது, ஆனால் சிரோசிஸ் வந்த ஈரலில் ஆபத்து குறையுமே தவிர மறையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி என்ற, ஈரல் புற்றில் கூடக்கூடிய புரதத்தைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை. கடைசியாக எப்போது எடுத்தார்?